கொய்ராவில் வயலுக்கு உப்பு வந்தது யாரால்? புயலா, இறால் பண்ணையா, நாமா?

துவாஸ்காரன்:

வணக்கம். இங்கே வெகுநாளாகப் படிக்கிறேன், முதல் முறையாக இழை தொடங்குகிறேன். ஊர் மன்னார்குடி பக்கம். பதினோரு வருஷமாக சிங்கப்பூரில், துவாஸில் ஷிப்யார்டு வேலை.

எங்கள் டார்மெட்டரி அறையில் என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுப்பவர் வங்கதேசத்துக்காரர். குல்னா மாவட்டத்தில் கொய்ரா என்ற பகுதி, சுந்தரவனக் காட்டை ஒட்டிய கடைசி ஊர்களில் ஒன்று. பெயர் வேண்டாம், பாய் என்றே சொல்கிறேன். 2020இல் டார்மெட்டரிகளைப் பூட்டி எங்களை உள்ளேயே வைத்திருந்தார்கள் அல்லவா, அந்த மே 20ஆம் தேதிதான் ஆம்பன் புயல். பாய் ராத்திரி முழுக்க போனும் கையுமாக இருந்தார். விடிகாலையில் அண்ணன் அனுப்பிய வீடியோ வந்தது. ஆற்றங்கரை உடைந்து, வீடு இருந்த இடத்தில் தண்ணீர். ஐந்து நாள் கழித்து அங்கே பெருநாள். கொய்ரா ஜனங்கள் கூலி இல்லாமல் மண் சுமந்து கரையை அடைத்துக்கொண்டிருந்தவர்கள், முழங்கால் தண்ணீரில் அப்படியே வரிசை கட்டி நின்று தொழுதார்கள். அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது. பாய் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தார்.

விஷயம் என்னவென்றால், புயலைப் பற்றி அவர் அதிகம் பேசுவதே இல்லை. பேசுவதெல்லாம் உப்பைப் பற்றித்தான். நெல் போட்ட நிலத்தில் இப்போது புல்கூட இல்லையாம், மாட்டை விற்றுவிட்டார்களாம், குடிதண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறார்களாம். நிலம் விளையாததால்தான் ஏஜென்ட்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு இங்கே வந்திருக்கிறார். செய்தியில் எல்லோரும் பருவநிலை மாற்றம் என்கிறார்கள். பாயோ, "எங்கள் ஊரைக் கெடுத்தது கேர்" என்கிறார். கேர் என்றால் இறால் குட்டை. எது சரி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

பாய் சொல்வதுதான் சரி, தம்பி. எது நடந்தாலும் பருவநிலை மாற்றம் என்று சொல்லிவிடுவது இப்போது எல்லா அரசாங்கங்களுக்கும் வசதி. கரை கட்டக் கொடுத்த பணத்தைத் தின்றவன் தப்பித்துக்கொள்வான், இறால் முதலாளி தப்பித்துக்கொள்வான், பழி எங்கோ அமெரிக்காவில் கார் ஓட்டுகிறவன் மேல் போகும். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து இருநூறு, முந்நூறு பேர் நெருக்கிக்கொண்டு, கடல் மட்டத்தில் வாழ்கிற நாடு அது. வெள்ளம் நேற்று வந்ததா? 1970 போலா புயலில் மூன்று லட்சத்துக்குக் குறையாமல் செத்தார்கள். அப்போது எந்தப் பருவநிலை மாற்றம்?

கடைமடை:

சீர்காழி தாலுகாவிலிருந்து எழுதுகிறேன். பாய் சொல்வது எங்கள் கதை, அப்படியே எங்கள் கதை. தொண்ணூறுகளில் எங்கள் ஊர்ப்பக்கம் இறால் பண்ணை வந்தபோது முதல் வருஷம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வருஷம் பக்கத்து வயலில் நாற்று கருகியது. மூன்றாம் வருஷம் கைப்பம்பில் தண்ணீர் கரித்தது. பண்ணைக்காரர் வந்து "விளையாத நிலத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள், குத்தகைக்குக் கொடுங்கள்" என்றார். விளையாமல் செய்ததே அவர் பண்ணைதான்!

சர்வோதயக்காரர்களான ஜெகந்நாதன் ஐயாவும் அவர் மனைவி கிருஷ்ணம்மாள் அம்மாவும் ஊர் ஊராக உட்கார்ந்து போராடி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 டிசம்பரில் தீர்ப்பும் வந்தது. கரையோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை இடிக்கச் சொன்னது. இடித்தார்களா? 2005இல் தனிச் சட்டம் போட்டு, ஆணையம் வைத்து, உரிமம் கொடுத்து எல்லாவற்றையும் முறைப்படுத்திவிட்டார்கள். இப்போதும் எங்கள் வாய்க்காலில் உப்புத் தண்ணீர்தான்.

ஆனால் கணக்குப்பிள்ளை ஐயா, ஒன்று. பண்ணை இல்லாத ஊரிலும் இப்போது ஆற்றில் கடல் ஏறி வருகிறது. என் அப்பா காலத்தில் ஏறிய தூரம் வேறு, இப்போது ஏறுகிற தூரம் வேறு. அதற்கு எந்த முதலாளியைப் பிடிப்பது?

வண்டல்:

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டெல்டா மண்ணியல் என் படிப்பு. வங்க டெல்டாவைப் பற்றிப் படித்துப் படித்துக் கண் கெட்டதுதான் மிச்சம்.

பாயின் ஊரைப் புரிந்துகொள்ள 1960களுக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் அங்கே ஜமீன்தார்கள் காலத்தில் 'அஷ்டமாசி' கரை என்று ஒன்று இருந்தது. பெயரே சொல்கிறது, எட்டு மாதக் கரை. நெல் நிற்கும் எட்டு மாதத்துக்கு மண்ணைக் குவித்து உப்பைத் தடுப்பார்கள். மற்ற நான்கு மாதம் ஆறு உள்ளே வந்து வண்டல் போட்டுவிட்டுப் போகும். நிலம் வருஷா வருஷம் மயிரிழை அளவு உயர்ந்துகொண்டே இருந்தது. டெல்டா என்றால் அதுதான்: உள்ளே அமுங்கும், மேலே வண்டல் சேரும்.

அறுபதுகளில், கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தபோது, அமெரிக்க உதவிப் பணமும் டச்சுப் பொறியாளர்களின் யோசனையும் சேர்ந்து நிரந்தரக் கரைகள் வந்தன. ஒவ்வொரு தீவையும் வட்டமாகக் கரை கட்டி அடைத்துவிட்டு, மதகு வைத்தார்கள். அதற்குப் பெயர் போல்டர். இன்று 139 போல்டர்கள், ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கரை. முதல் பத்து, பதினைந்து வருஷம் பிரமாதமாக விளைந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் வண்டல் உள்ளே வருவது நின்றுவிட்டது. எங்கே போகும்? வெளியே ஆற்றின் அடியில் படிந்தது. ஆற்றுப்படுகை உயர்ந்தது, கரைக்குள் நிலம் அமுங்கியது. சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருந்த நிலம் கிண்ணம் மாதிரி ஆகிவிட்டது.

எவ்வளவு என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். கொய்ராவுக்கு அருகில் டாகோப்பில் 32ஆம் எண் போல்டர் இருக்கிறது. 2015இல் வெளியான அளவீட்டின்படி அதன் உள்ளே நிலம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரையே இல்லாத சுந்தரவனக் காட்டுத் தரையைவிட 1 முதல் 1.5 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. ஐம்பது வருஷத்தில்! அதே காலத்தில் கடல் உயர்ந்தது இதில் ஒரு சிறு பங்குதான். மனிதன் தொடாத காடு கடலோடு சேர்ந்து உயர்ந்துகொண்டது, மனிதன் காப்பாற்றிய வயல் கீழே போனது.

2009 மே 25, ஐலா புயலில் அந்த போல்டரின் கரை பல இடங்களில் உடைந்தது. சரிசெய்ய ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது. அதுவரை ஜனங்கள் கரைமேல் குடிசை போட்டு வாழ்ந்தார்கள், நாளைக்கு இரண்டு முறை ஓதம் (கடல் நீர் ஏறி இறங்குவது) வயலுக்குள் வந்து போனது. விசித்திரம் பாருங்கள், அந்த இரண்டு வருஷத்தில் மட்டும் பல இடங்களில் பத்துப் பத்துச் சென்டிமீட்டராக வண்டல் ஏறி நிலம் உயர்ந்திருந்தது.

கணக்குப்பிள்ளை:

ஆக, நான் சொன்னதையே நீங்கள் படிப்பாளி பாஷையில் சொல்லியிருக்கிறீர்கள். கரை கட்டியது தப்பு, இறால் விட்டது தப்பு, இரண்டு வருஷம் கரையை அடைக்காமல் விட்டது தப்பு. பருவநிலை எங்கே வந்தது?

வண்டல்:

கிண்ணமாகிப் போன நிலத்தில் வந்து உட்காருகிறது, ஐயா.

அறுபதுகளில் போட்ட கரை அன்றைய ஓதத்துக்குக் கணக்குப் பார்த்துப் போட்டது. புயல் அலைக்குக்கூட அல்ல. செயற்கைக்கோள் அளவு தொடங்கிய முதல் பத்தாண்டில் உலகக் கடல் மட்டம் ஆண்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் உயர்ந்தது. 2013 முதல் 2022 வரை நாலரை மில்லிமீட்டர். இரட்டிப்பு. ஆம்பன் உருவானபோது வங்கக் கடலின் மேற்பரப்பு வெப்பம் 30 டிகிரிக்கு மேல். சூடான கடல் புயலுக்குத் தீனி. மேட்டு நிலத்துக்காரனுக்கு இந்த நாலரை மில்லிமீட்டர் ஒரு பொருட்டல்ல. ஏற்கெனவே ஒன்றரை மீட்டர் கீழே தள்ளப்பட்டவனுக்கு?

ஒன்றை ஒன்று கழிக்க முடியாது. 'இது உள்ளூர்த் தப்பு, எனவே பருவநிலை இல்லை' என்பது வயதானவர் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தால், எலும்பு பலவீனம்தான் காரணம், தரையில் எண்ணெய் ஊற்றியவன் மேல் குற்றமில்லை என்பது போல.

மாணவி_திருச்சி:

இடையில் ஒரு சந்தேகம். பரக்கா அணையைப் பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் வகுப்பில் ஒரு வங்கதேச மாணவி படிக்கிறாள். அவள் ஊர்ப் பக்கம் உப்பு என்றாலே முதலில் இந்தியாவைத்தான் திட்டுவார்களாம்.

வண்டல்:

நல்ல கேள்வி, நானே மறந்துவிட்டேன் (வசதியாக மறந்தேன் என்று நினைக்காதீர்கள்). 1975இல் மேற்கு வங்கத்தில் பரக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியது. கல்கத்தா துறைமுகம் தூர்ந்துபோகாமல் இருக்கக் கங்கைத் தண்ணீரை ஹூக்ளிக்குத் திருப்புவதுதான் நோக்கம். குல்னா பக்கம் நன்னீர் கொண்டுபோவது கொராய் என்ற கிளையாறு. கோடையில் அதற்கு வரத்து குறைந்தது. மேலிருந்து நன்னீர் தள்ளாவிட்டால் கீழிருந்து கடல் ஏறும், கடைமடைக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1996 டிசம்பரில் முப்பது ஆண்டுக்குப் பங்கீட்டு ஒப்பந்தம் போட்டார்கள். அந்த வகையில் அந்த உப்பில் நம் கைப்பிடியும் இருக்கிறது.

வங்கதேச மண்வள நிறுவனத்தின் கணக்கு: 1973இல் உப்பு பாதித்த நிலம் 8.33 லட்சம் ஹெக்டேர், 2009இல் 10.56 லட்சம். இதில் அணைக்கு எவ்வளவு, இறாலுக்கு எவ்வளவு, கடலுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் தராசு கிடையாது.

கடைமடை:

மேட்டூர் திறக்காத வருஷம் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். தராசெல்லாம் வேண்டாம், நாக்கில் வைத்தால் தெரியும்.

செவிலியம்மா:

நான் வேதாரண்யம் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆண்கள் நிலம், கரை, அணை என்று பேசுகிறீர்கள். சரி. அந்தத் தண்ணீரைக் குடிப்பவள் கதை யாருக்கும் தோன்றவில்லை.

வண்டல் தம்பி சொன்ன அதே டாகோப்பில் கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறது என்று அங்குள்ள மருத்துவர்கள் கவனித்து, ஆராய்ந்து, 2011இல் கட்டுரை வந்தது. குடிதண்ணீரிலிருந்து மட்டும் ஒரு நாளில் உடம்புக்குள் போகும் சோடியம் கோடையில் 5 முதல் 16 கிராம் என்று கணக்கிட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் ஒரு கிராம் அளவில்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு எல்லாவற்றையும் சேர்த்தே 2 கிராமுக்குள். அதாவது குழம்பில் ஒரு கல் உப்புப் போடாவிட்டாலும் இவர்கள் வரம்பைப் பல மடங்கு தாண்டியாயிற்று. கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறி, கால் வீங்கி, வலிப்பு வந்து பிரசவத்துக்கு வரும் பெண்ணை நான் கையில் தாங்கியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று இங்கே எழுத மாட்டேன்.

நான் வேலையில் இருந்தபோது இப்படிப்பட்ட பெண்களிடம் "உப்பைக் குறைத்துக்கொள், அம்மா" என்று சொல்லி அனுப்புவோம். ஒரு தடவை உப்பளத்தில் வேலை செய்யும் பெண் என்னைத் திருப்பிக் கேட்டாள், "எந்த உப்பைக்கா? சோத்துல உள்ளதையா, குடத்துல உள்ளதையா?" அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

அங்கே இன்னொன்றும் உண்டு. இறால் குஞ்சு பிடிக்க இடுப்பளவு உப்புத் தண்ணீரில் வலை இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் நடப்பவர்களில் பெண்களும் சிறுமிகளும் நிறைய. தோல் நோய், வெள்ளைப்படுதல், கர்ப்பப்பைத் தொற்று. துவாஸ் தம்பி, உங்கள் நண்பர் வீட்டில் தண்ணீர் யார் எடுத்து வருகிறார்கள், எவ்வளவு தூரம் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

செவிலியம்மா சொன்னதற்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. 1970இல் மூன்று லட்சம் பேர், 1991 புயலில் ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேர், 2007 சித்ரில் மூவாயிரத்துச் சொச்சம், ஆம்பனில் வங்கதேசத்தில் முப்பதுக்கும் கீழே. நிலைமை முன்னேறித்தானே இருக்கிறது? ஏழை நாடுகள் அழிகின்றன என்று ஒப்பாரி வைப்பதற்கு முன் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டாமா?

காகிதக்கப்பல்:

அந்தக் கணக்கை நான் பெருமையாகவே சொல்வேன். அது யாரோ பிச்சை போட்டு வந்ததல்ல. 1970க்குப் பிறகு செஞ்சிலுவைச் சங்கமும் அரசும் சேர்ந்து ஏற்படுத்திய புயல் தயார்நிலைத் திட்டத்தில் இன்று 76 ஆயிரம் தொண்டர்கள். கொடி ஏற்றுவது, மெகாபோனில் கத்திக்கொண்டு வீடு வீடாகப் போவது, கிழவியைத் தூக்கிக்கொண்டு புயல் காப்பகத்துக்கு ஓடுவது, எல்லாம் கிராமத்துப் பையன்களும் பெண்களும். உலகமே கற்றுக்கொள்ள வேண்டிய ஏற்பாடு.

ஆனால் ஆளைத்தான் காப்பகத்துக்குத் தூக்கிப் போகலாம். வயலை? குளத்தை? மாட்டைக்கூடப் பாதிதான் ஏற்ற முடிகிறது. பிழைத்தவன் திரும்பி வந்து பார்த்தால் கடன் மட்டும் அப்படியே நிற்கும். லண்டனில் உள்ள ஐஐஇடி என்ற ஆய்வு நிறுவனம் 2019இல் சொன்னது: வங்கதேசக் கிராமக் குடும்பங்கள் பேரிடரைத் தடுக்கவும் சேதத்தைச் சரிசெய்யவும் தங்கள் கையிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவழிக்கின்றன. அவர்கள் அரசும் வெளிநாட்டு உதவியும் செய்வதைவிட அதிகம். வட்டிக்கு வாங்கி, நகையை விற்று, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, அல்லது துவாஸுக்கு அனுப்பி.

அந்த நாட்டில் ஓர் ஆள் ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு முக்கால் டன்கூட இல்லை. நாம் இரண்டு டன். அமெரிக்கர் பதினான்கு, பதினைந்து.

துவாஸ்காரன்:

இதைப் படித்ததும் ஒன்று தோன்றியது, சொல்லிவிட்டுப் போகிறேன். பாய் இங்கே செய்யும் வேலை என்ன தெரியுமா? வெல்டிங். எங்கள் யார்டில் கட்டுவது கடலில் எண்ணெய் எடுக்கும் மிதவைக் கப்பல்கள். ஊர் மூழ்குகிறது என்று வந்தவர் அதைத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறார். நானும்தான். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது.

செவிலியம்மா, தண்ணீர் விஷயம் ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன்.

அரபிக்கடல்:

பணக்கார நாடுகள் நஷ்ட ஈடு கொடுக்கின்றனவே, அது எங்கே போகிறது? இழப்பு சேத நிதி என்று பெரிதாகப் பேசினார்களே?

காகிதக்கப்பல்:

நஷ்ட ஈடு என்ற சொல்லையே அவர்கள் ஏற்கவில்லை, அந்தச் சொல் வராமல் இருக்கத்தான் முப்பது வருஷம் இழுத்தார்கள். 2022இல் எகிப்தில் நடந்த மாநாட்டில் நிதி வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வருஷம் துபாயில் உண்டியல் திறந்தார்கள். தொடக்கத்தில் விழுந்த வாக்குறுதி சுமார் 70 கோடி டாலர். அதே 2022இல் பாகிஸ்தான் வெள்ளத்துக்கு மட்டும் சேதமும் இழப்பும் சேர்த்து 3,000 கோடி டாலர். மூன்றே கால் கோடிப் பேருக்கு மேல் பாதிப்பு. ஒரு நாட்டின் ஒரு வெள்ளத்துக்கே இது நாற்பதில் ஒரு பங்கு வராது.

இதற்கு முன் 2009இல் கோபன்ஹேகனில் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று சொன்னார்களே, 2020க்குள்? 2022இல்தான் அந்தத் தொகையைத் தொட்டார்கள். அதிலும் பெரும்பங்கு கடன். வட்டியோடு திருப்பித் தர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் உன் கூரையை எரித்துவிட்டு, கீற்று வாங்கக் கந்துவட்டிக்குப் பணம் தருவது மாதிரி.

இதற்காக ஆயுள் முழுக்கப் பேசிய ஒரு வங்கதேசத்துக்காரர் சலீமுல் ஹக். ஐ.நா. பருவநிலை மாநாடு ஒன்றைக்கூட விடாமல் போனவர். நிதி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு, 2023 அக்டோபரில் டாக்காவில் காலமானார்.

கணக்குப்பிள்ளை:

பணம் வந்தாலும் எங்கே போகும் என்று நமக்குத் தெரியாதா? கான்டிராக்டர், அமைச்சர், என்.ஜி.ஓ. ஜீப். கரைமேல் நான்கு கூடை மண் விழும்.

கடைமடை:

அப்படியென்றால் தர வேண்டாம் என்கிறீர்களா? எங்கள் ஊர்ப் பயிர்க் காப்பீட்டிலும் ஆயிரம் குளறுபடி. அதற்காகக் காப்பீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. முதலில் பணம் வரட்டும், திருடனை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்.

நெறியாளர்:

இழை சூடாகிறது. என்.ஜி.ஓ. பற்றிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். குறிப்பிட்ட நிறுவனங்களைத் திட்ட வேறு இடம் தேடுங்கள். பேச்சு கொய்ராவிலேயே இருக்கட்டும்.

மாணவி_திருச்சி:

வண்டல் அண்ணா, கரை உடைந்தால்தான் நிலம் உயர்கிறது என்றால், வேண்டுமென்றே உடைத்துவிடலாமே? முட்டாள்தனமான கேள்வியாக இருந்தால் மன்னிக்கவும்.

வண்டல்:

முட்டாள்தனம் இல்லை, அங்குள்ள விவசாயிகள் முப்பது வருஷத்துக்கு முன்பே செய்தது அதுதான். 1990இல் பீல் டாகாட்டியா என்ற இடத்தில் தண்ணீர் வடியாமல் வருஷக்கணக்கில் தேங்கியபோது ஜனங்களே மண்வெட்டியோடு போய் அரசாங்கக் கரையை வெட்டினார்கள். 1997இல் பீல் பாய்னாவிலும் வெட்டினார்கள். (பீல் என்றால் தாழ்ந்த ஏரி நிலம்.) நான்கு வருஷம் ஓதம் தாராளமாக வந்து போனது. வெட்டிய வாய்க்கு அருகில் நிலம் ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்தது, தூர்ந்துகிடந்த ஹாரி ஆறு ஆழமானது. பிறகு பொறியாளர்களே அதற்கு 'ஓத ஆற்று மேலாண்மை' என்று பெயர் வைத்துத் தங்கள் திட்டமாக்கிக்கொண்டார்கள். ஜனங்கள் 'ஜோவார் பாட்டா' என்றார்கள், ஓதம் ஏறுவதும் வற்றுவதும் என்று அர்த்தம்.

ஆனால் அரசாங்கம் செய்யத் தொடங்கியதும் சிக்கியது. மூன்று முதல் ஐந்து வருஷம் நிலம் தண்ணீருக்குள் கிடக்கும். அதுவரை அந்த நிலத்துக்காரன் எதைத் தின்பான்? இழப்பீடு என்று எழுதி வைத்தார்கள். வாங்கப் பத்திரம் வேண்டும், பட்டா வேண்டும், நகரத்துக்கு நாலு நடை நடக்க வேண்டும். குத்தகைக்காரனுக்கு எதுவுமே இல்லை. 2012இல் பீல் கபாலியாவில் கரை வெட்ட வந்தவர்களோடு ஊர்க்காரர்கள் மோதினார்கள்.

துவாஸ் நண்பரே, உங்கள் பாயிடம் எனக்காக இதைக் கேளுங்கள்: அவர் ஊரில் கரையை உயர்த்த வேண்டுமா, வெட்ட வேண்டுமா?

செவிலியம்மா:

இறாலை எதிர்த்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே குல்னாவில் 22ஆம் எண் போல்டரில் கருணாமயி சர்தார் என்ற நிலமற்ற பெண், இறால் முதலாளியின் ஆட்கள் கரையை வெட்ட வந்தபோது ஊர்வலத்தின் முன்னால் நின்றாள். 1990 நவம்பர் 7. சுட்டுக் கொன்றார்கள். அந்த போல்டருக்குள் அதற்குப் பிறகு இறால் நுழையவில்லை, நெல்லும் காய்கறியும் விளைந்தன. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் பெண்கள் கூடுகிறார்கள். கிருஷ்ணம்மாள் அம்மாவோடு கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன், அப்போது எங்களுக்கு இந்தப் பெயர் தெரியாது.

துவாஸ்காரன்:

நேற்று ஞாயிறு. லெம்பு ரோட்டில் பாய்கள் கூடும் திடலில் உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டேன். பாதி ஆங்கிலம், பாதி இந்தி, பாதி கை ஜாடை. மூன்று பாதி வருகிறதே என்று கேட்காதீர்கள்.

தண்ணீர்: மழைக்காலத்தில் கூரையிலிருந்து பிடித்துப் பிளாஸ்டிக் தொட்டியில் வைப்பார்களாம். தை, மாசி வரை வரும். பிறகு வேனில் ஜாடியில் வரும் தண்ணீரைக் காசுக்கு வாங்குவது குடிக்க மட்டும். சமைக்க, அவர் மனைவியும் மகளும் ஒரு குளத்துக்குப் போய் எடுத்து வருகிறார்கள். போக வர ஒன்றரை மணி நேரம். அந்தக் குளமும் ஆம்பனில் உப்பாகி, இறைத்து, இரண்டு மழை கண்டு, இப்போதுதான் வாய்க்கு வருகிறதாம். மகள் பத்தாம் வகுப்பு. மனைவிக்கு இரத்த அழுத்த மாத்திரை உண்டா என்று கேட்டேன், "உனக்கு எப்படித் தெரியும்" என்றார்.

கேர்: அவர்கள் நிலத்தை இறாலுக்குக் கொடுக்க அவர் அப்பா கடைசி வரை ஒப்பவில்லை. சுற்றியிருந்த எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். நடுவில் இருந்த ஒரே நெல் வயலில் நான்கு பக்கமும் உப்புக் கசிந்தால் என்ன செய்வது? கரைக்கு அடியில் குழாய் பதித்து ஆற்று உப்பை உள்ளே எடுப்பார்களாம். ஆம்பனில் கரை உடைந்தது அப்படிக் குழாய் போட்ட இடத்துக்குப் பக்கத்தில்தான் என்கிறார். கணக்குப்பிள்ளை ஐயா, இதை உங்கள் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். அதே மூச்சில், "என் தாத்தா பார்த்த ஓதம் இந்த மரத்தின் வேர் வரை வரும், இப்போது என் இடுப்பு வரை" என்றார். இது வண்டல் அண்ணன் பக்கம்.

அப்புறம், உயர்த்துவதா வெட்டுவதா. சிரித்துவிட்டார். "எங்களிடம் யாரும் இதைக் கேட்டதே இல்லை" என்றார். கொஞ்ச நேரம் யோசித்து, மூன்று வருஷ அரிசியை முன்கூட்டியே வீட்டில் கொண்டுவந்து வைத்தால் அண்ணனே மண்வெட்டியைத் தூக்குவான் என்றார். பணமாக வேண்டாமாம், அரிசியாக வேண்டுமாம். பணம் என்றால் கொய்ரா வந்து சேராது என்கிறார்.

கணக்குப்பிள்ளை:

அரிசியாகக் கேட்டாரா? விவரமான ஆள். எத்தனை பேர் குடும்பம்?

துவாஸ்காரன்:

அண்ணன் வீட்டோடு சேர்த்து ஒன்பது பேர்.

கணக்குப்பிள்ளை:

ஆளுக்கு மாதம் பதினைந்து கிலோ போடுங்கள். மூன்று வருஷத்துக்கு ஐந்து டன்னுக்குக் கொஞ்சம் கீழே. ஒரு சின்ன லாரி லோடு. நான் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் வருகிறது.

கடைமடை:

துவாஸ் தம்பி, பாயிடம் சொல்லுங்கள். எங்களிடம் குழியடிச்சான் என்று ஒரு பழைய நெல் இருக்கிறது. உப்பு நிலத்தில் நிற்கும், மழை பொய்த்தாலும் ஓரளவு தாங்கும். நான் ஒரு மா அளவில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு படி விதை அனுப்பட்டுமா? நீங்கள் பொங்கலுக்கு ஊருக்கு வருவீர்கள்தானே, திரும்பும்போது எடுத்துப் போய்க் கொடுங்கள்.

வண்டல்:

ஐயா, விமானத்தில் விதை கொண்டுபோனால் விதை, செடிகளுக்கான தடுப்புச் சோதனையில் பிடித்துவிடுவார்கள், ஒரு நாட்டில் அல்ல, மூன்று நாட்டில். அவர்கள் நாட்டிலேயே உப்பு தாங்கும் ரகங்கள் உண்டு, பிரி தான் 47, 67 என்று. பாயின் அண்ணனைப் பக்கத்து வேளாண் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

கடைமடை:

கேட்கச் சொல்லுங்கள். ஆனால் அந்த 67 எத்தனை நாள் பயிர், வைக்கோல் மாடு தின்னுமா என்று எனக்குத் திருப்பிக் கேட்டுச் சொல்லுங்கள்.

துவாஸ்காரன்:

மாட்டைத்தான் விற்றுவிட்டார்களே அண்ணே. சரி, கேட்கிறேன். அடுத்த ஞாயிறு ஓவர்டைம் இல்லாவிட்டால்.